ரூட்டர் வாங்கும் முன் மாலை ஏழு மணிக்கு ஒரு சோதனை

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம், ரப்பர் விளைக்கு நடுவில் இருக்கிறது. முன்பகுதி வெட்டுக்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக என் மாமனார் காலத்தில் கட்டியது. பின்னால் சாய்ப்பாக இறக்கிய அறைக்கு மட்டும் கான்கிரீட் தட்டு. அந்த அறையில் உட்கார்ந்து மாலை ஆறரை முதல் ஒன்பது வரை வளைகுடா நாடுகளில் வளரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இணையவழியில் கணக்கு நடத்துகிறேன். அதே நேரம் பார்த்துத்தான் கல்லூரியிலிருந்து வந்த மகன் முன்னறையில் கணினியைத் திறந்து, மும்பையில் இருக்கும் ஏதோ ஒரு சர்வரில் துப்பாக்கியோடு ஓடத் தொடங்குவான். இரண்டு பேருக்கும் ஒரே ஃபைபர் இணைப்பு, வேகம் 60 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு).

ஒரு செவ்வாய்க்கிழமை, இருபடிச் சமன்பாட்டின் பாதியில் இருந்தேன். தோஹாவிலிருக்கும் பிள்ளை, "மிஸ், நீங்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது" என்றாள். அதே நொடியில் முன்னறையிலிருந்து கூப்பாடு: "அம்மா, வகுப்பை நிறுத்து, என்னைச் சுட்டுவிட்டார்கள்!" அவன் என் வகுப்பைப் பழி சொன்னான், நான் அவன் விளையாட்டைப் பழி சொன்னேன். உண்மைக் குற்றவாளியோ கட்டிலில் சார்ஜரில் கிடந்தது. என் அண்ணன் மகள் கல்யாணத்தில் எடுத்த காணொளிகளை அவனுடைய கைப்பேசி சத்தமில்லாமல் மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

இடையில் ரூட்டரை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். நாகர்கோவிலில் ஒரு கடையில் 2,900 ரூபாய்க்கு ஒரு சின்ன ரூட்டர் வாங்கினேன். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வடசேரியில் இருக்கும் அண்ணன் வீட்டில், கவிழ்த்துப் போட்ட சிலந்தி போல ஆறு ஆன்டெனாவும் சிவப்பு விளக்குமாக 9,000 ரூபாய்க்கு வாங்கிய 'கேமிங்' ரூட்டர் ஒன்று இருந்தது. "எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார், எங்களுக்குப் பழையது போதும்" என்று மயினி எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஓடவிட்டேன்.

முதலில் பெட்டிமேல் இருக்கும் எண். சின்னதில் ஏ.எக்ஸ். 1800 என்றும் பெரியதில் ஏ.எக்ஸ். 5400 என்றும் போட்டிருந்தது. ஏ.எக்ஸ். என்றால் வைஃபை 6. எண்ணோ வெறும் கூட்டல். சின்னதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 574, 5 கிகாஹெர்ட்ஸுக்கு 1201. இரண்டையும் கூட்டி மேலே தள்ளி 1800 ஆக்கிவிட்டார்கள். பெரியதில் 574-உம் 4804-உம். வைஃபை 6 கைப்பேசியோ மடிக்கணினியோ ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பேசும். பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இரண்டு ஆன்டெனாதான். நான்கு ஆன்டெனாவுக்கும் அகலமான சேனலுக்கும் (அலைவரிசைக்குள் பிரித்த பாதை) கணக்கிட்ட அந்த 4804 என் மடிக்கணினியை ஒருநாளும் எட்டாது. எட்டினாலும் என்ன, வீட்டுக்குள் வருவதே 60. முக்கால் அங்குலக் குழாயில் வரும் தண்ணீருக்கு ஐயாயிரம் லிட்டர் தொட்டி கட்டின கதைதான்.

ஆனால் ஒரு கண்ணியை மட்டும் பாருங்கள். ஏ.சி. 1200 (ஏ.சி. என்றால் முந்தைய வைஃபை 5) என்று போட்டு விற்கும் விலைமலிந்த ரூட்டர்கள் சிலவற்றின் பின்னால் கேபிள் செருகும் லேன் துளைகள் 100 எம்.பி.பி.எஸ்.க்கு மேல் விடாதவை. உங்கள் திட்டம் 150 அல்லது 200 என்றால் அதை வாங்கிய அன்றே பாதி காசு வீண். விவரக் குறிப்பில் 'கிகாபிட்' (அதாவது 1000 எம்.பி.பி.எஸ்.) என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

காணொளி வகுப்புக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? தெளிவான படத்தோடு இரு திசையிலும் 3, 4 எம்.பி.பி.எஸ். இருந்தால் தாராளம். துப்பாக்கி விளையாட்டுக்கு அதுகூட வேண்டாம்; ஆடும்போது ஒரு எம்.பி.பி.எஸ்.க்கும் கீழேதான் ஓடும். (விளையாட்டைப் புதுப்பிக்கும்போது பல ஜி.பி. இறங்கும், அது வேறு கதை. அதை இரவு படுக்கப் போகும்போது போடச் சொல்லியிருக்கிறேன்.) இரண்டுக்கும் வேண்டியது வேகம் அல்ல, தாமதமில்லாமை. பேச்சு இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதற்கு மேல் போனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் சொல்லுங்கள்" என்று மரியாதை செய்துகொண்டிருப்போம்.

தாமதத்தில் ஒரு பங்கு யார் தலைகீழாக நின்றாலும் குறையாது. நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப 13 மில்லி விநாடி. கேபிள் நேர்கோட்டிலா போகிறது? நடுவில் எத்தனையோ நிறுத்தம். என் வீட்டில் எல்லாம் அமைதியாக இருக்கும்போது 28 வரும். போய்த் திரும்பும் இந்த நேரத்தைத்தான் 'பிங்' என்கிறார்கள். 'பிங்கைப் பாதியாக்கும்' என்று ஒரு ரூட்டர் பெட்டியில் எழுதியிருந்தால், மும்பையை இந்தப் பக்கம் நகர்த்தித் தருவார்களா என்று கடைக்காரரிடம் கேட்கலாம்.

இனி சோதனை. இதை எந்த ரூட்டரும் வாங்கும் முன்பே, இருக்கும் பெட்டியை வைத்தே செய்துவிட வேண்டும். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளை தட்டும் கறுப்புத் திரை) சாளரங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் பிங் (ping) கட்டளையை உங்கள் ரூட்டரின் முகவரிக்கு ஓடவிடுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பார்கள். இன்னொன்றில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு. நிற்காமல் ஓட, கட்டளையின் கடைசியில் கழித்தல் குறியும் 'டி' (t) எழுத்தும் சேர்க்க வேண்டும். இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். பிறகு கைப்பேசியிலிருந்து ஒரு பெரிய காணொளியை மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கி, மீண்டும் பாருங்கள். காலையில் செய்யாதீர்கள். தெருவெல்லாம் இணையத்தில் இருக்கும் மாலை ஏழு மணிக்குச் செய்யுங்கள்.

முதல் சாளரத்தில் மில்லி விநாடி எண் துள்ளினால் கோளாறு வீட்டுக்குள், காற்றில்: சுவர், தூரம், பக்கத்து வீட்டு வைஃபை. முதல் சாளரம் அசையாமல் இரண்டாவது மட்டும் எகிறினால் கோளாறு காற்றில் இல்லை, வெளியே போகும் வரிசையில்.

எனக்கு இரண்டும் இருந்தன. கேபிள்காரர் தந்த பெட்டியோடு சாய்ப்பில் உட்கார்ந்து பார்த்தபோது, ரூட்டர் வரைக்கும் 4, 5, 4, 180, 6, 210 என்று போனது. 8.8.8.8-க்கு 28 இருந்தது, கைப்பேசி ஏற்றத் தொடங்கியதும் 410 ஆனது. கிணற்றுக்குள்ளிருந்து பேசியது இந்த 410-தான்.

அந்த 180, 210 மறைய ஒரு பைசா செலவில்லை. ரூட்டரை மாட்ட வந்த பையன், பிளக் பாயின்ட் அங்கே இருக்கிறது என்று அதை இரும்பு பீரோவின் தலையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். இரும்பு பீரோ வைஃபைக்கு மதில் சுவர். கதவில் ஆள் உயரக் கண்ணாடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அங்கிருந்து எடுத்து, முன்னறைக்கும் சாய்ப்புக்கும் நடுவே கதவு நிலைக்கு மேல் மரப்பலகை அடித்து வைத்தேன். வெட்டுக்கல் சுவர் இரண்டுக்குப் பதில் ஒன்றாகக் குறைந்தது. அன்று மாலை முதல் சாளரத்தில் ஒரு எண்ணும் 12-ஐத் தாண்டவில்லை. ரூட்டர் கடைக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள். பலருக்கு இதோடே வேலை முடிந்துவிடும்.

410 அப்படியே இருந்தது. பெரிய ரூட்டரை மாட்டினேன்: ஏற்றும்போது 340. சின்னதை மாட்டினேன்: 390. ஒன்பதாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவே வித்தியாசம் 50. இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

களியக்காவிளை சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது, நடுவில் ஒரு பைக்கில் கையில் மருந்தோடு நீங்கள் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு அடி அகலப் பாதை. ஆனால் முன்னே நாற்பது லாரி. கைப்பேசி ஏற்றும் காணொளிதான் லாரி. என் குரலும் மகனின் தோட்டாவும் பைக். இணைப்புப் பெட்டிகள் வந்ததையெல்லாம் வாங்கி வாங்கி வரிசையில் அடுக்கிக்கொள்வதால் வரிசை நீள்கிறது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் இந்த நோய்க்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார். மருந்தும் உண்டு: ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை போட்டு, மாற்றி மாற்றி விட்டு, ஒரு வரிசை தேங்கினால் அதில் சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புகிறவரை மெதுவாக்குவது. 'எஃப்.க்யூ. கோடெல்' என்னும் அந்த முறை 2018-இல் ஆர்.எஃப்.சி. 8290 என்ற எண்ணில் ஆவணமாக வெளிவந்தது. 'கேக்' என்பது அதன் தம்பி. ரூட்டர் அமைப்புகளில் இதை எஸ்.க்யூ.எம். (வரிசையைச் சாமர்த்தியமாக ஆள்வது) என்ற பெயரில் பார்க்கலாம்.

எனவே இரண்டு ரூட்டரில் எது என்ற கேள்வி எனக்கு ஒரே கேள்வியாகச் சுருங்கியது: எதில் இந்த வரிசையை ஒழுங்கு செய்ய முடியும்?

பெரியதில் 'கேம் மோடு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் விளக்கு சிவப்பிலிருந்து நீலமாகும். மகனின் கணினிக்கு முன்னுரிமை என்று திரையில் வரும். ஆனால் இணைப்பின் வேகம் என்ன என்று அது கேட்கவே இல்லை. சாவடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போக்குவரத்தை ஒழுங்கு செய்வதுபோல. லாரி வரிசை ரூட்டருக்கு வெளியே, ஃபைபர் பெட்டிக்குள் நிற்கும்போது ரூட்டருக்குள் முன்னுரிமை கொடுத்து என்ன பயன்? 340 கொஞ்சம் குறைந்து 310 ஆனது, அவ்வளவுதான்.

சின்ன ரூட்டரின் மாடல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. பட்டியலில் இருந்தது. ரூட்டருக்குள் கம்பெனி போட்ட மென்பொருளை எடுத்துவிட்டு, 2004 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இந்த இலவச மென்பொருளைப் போடலாம்; எஸ்.க்யூ.எம். அதில் கிடைக்கும். மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டான். ஒரே மாடல் பெயரில் வி1, வி2, வி3 என்று வரும். உள்ளே சிப் வேறாக இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும் பதிப்பு எண் பட்டியலில் இருந்தால் மட்டும் கை வையுங்கள். இல்லையென்றால் ரூட்டர் செங்கல்லாகிவிடும், வாரண்டியும் போகும். அந்த வம்பு வேண்டாம் என்றால், இணைப்பின் ஏற்ற, இறக்க வேகத்தை நீங்களே எழுதிக் கொடுக்க இடம் தரும் கியூ.ஓ.எஸ். (எதற்கு முன்னுரிமை என்று வகுக்கும் வசதி) பக்கம் உள்ள ரூட்டராகத் தேடுங்கள். அது கேக் அளவுக்கு நுட்பமாக இருக்காது, ஆனால் ஒன்றும் இல்லாததற்கு மேல். சில நிறுவனங்கள் அமைப்புப் பக்கத்தை அப்படியே மாதிரியாக இணையத்தில் வைத்திருக்கின்றன. வாங்கும் முன் உள்ளே புகுந்து பார்த்துவிடலாம்.

அமைப்பது எளிது. மாலை ஏழு மணி வேகத்தை மூன்று நாள் அளந்தேன்: இறக்கம் 52, ஏற்றம் 38 வரை வந்தது. அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து 46 என்றும் 34 என்றும் எழுதினேன். ஏன் கழிக்க வேண்டும்? வரிசை கேபிள்காரரின் பெட்டியில் உருவாகக் கூடாது, நம் ரூட்டருக்குள் உருவாக வேண்டும். அப்போதுதான் அது நம் சொல் கேட்கும். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பதுதான் இதற்கு விலை. அன்று மாலை கைப்பேசியை வேண்டுமென்றே ஏற்றவிட்டு, யூடியூப்பையும் ஓடவிட்டு, பிங்கைப் பார்த்தேன். 36. மகன் நம்பாமல் எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பார்த்தான்.

சின்ன ரூட்டரை நானே வைத்துக்கொண்டேன். அதற்காகப் பெரியது குப்பை என்று சொல்லவரவில்லை. வரிசை வகுக்கும் வேலைக்கு பிராசசர் உழைக்க வேண்டும். மூவாயிரம் ரூபாய் ரூட்டருக்குச் சில நூறு எம்.பி.பி.எஸ்.க்கு மேல் மூச்சுவாங்கும். 500, 1000 என்று திட்டம் எடுத்திருப்பவர்களுக்கு அங்கே அது இடைஞ்சலாகும். ஆனால் அவ்வளவு அகலப் பாதையில் நம் வீட்டு லாரிகள் நிரம்புவதும் அபூர்வம். அண்ணன் வீட்டில் எட்டுப் பேர், தொலைக்காட்சி இரண்டு, எல்லாம் ஒரே தளத்தில். அங்கே பெரியது பொருத்தம்.

ஊரும் முக்கியம். என் வீட்டில் கைப்பேசியில் வைஃபை பெயர்களைத் தேடினால் என்னுடையது மட்டும் வரும். சுற்றிலும் ரப்பர் மரம். அதனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் தூய்மையாக இருக்கிறது, சுவரையும் நன்றாகத் துளைக்கிறது. சாய்ப்புக்கு அதுவே போதும். வடசேரியில் தேடினால் 23 பெயர் வந்தது. வடிவீஸ்வரம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் இன்னும் மோசமாக இருக்கும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அங்கே 5 கிகாஹெர்ட்ஸைத் தவிர வேறு வழி இல்லை; அது சுவருக்குப் பயப்படும், ஆகவே விளையாடும் அறையிலேயே ரூட்டர் இருக்க வேண்டும்.

5-லும் ஒரு பொறி உண்டு. பெரிய ரூட்டரின் 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் நடுவிலுள்ள சேனல்களைத் தொட்டுத்தான் கிடைக்கும். அவை வானிலை ரேடார்கள் உள்ளிட்டவற்றோடு பங்குபோட்டுக்கொள்ளும் இடம். ரேடார் சத்தம் போலத் தோன்றினால் ரூட்டர் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். புதிய சேனல் அதே நடுப்பகுதியில் இருந்தால் குறைந்தது 60 விநாடி காதைத் தீட்டிக் கேட்ட பிறகே பேசலாம். வகுப்பு நடுவில் ஒரு நிமிட மௌனம்! அகலத்தை 80 ஆக்கி, சேனலை 36 அல்லது 149 என்று கட்டிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

விளையாடுகிற கணினி அசையாமல் ஓரிடத்தில் இருக்கிறதென்றால், வைஃபையே வேண்டாம், லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். கேட் 5ஈ கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் கொடுக்கும். எலி கடிக்காமல் இருக்க பிளாஸ்டிக் பட்டைக்குள் போட்டேன். ஆனால் நம் ஊர் இடியை மறந்துவிடக் கூடாது. சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் மின் பிளக்கை மட்டும் அல்ல, லேன் கேபிளையும் பிடுங்கி வைக்க வேண்டும். வீட்டிலிருந்து ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைக்கு வெளியே இழுத்திருந்த செம்புக் கேபிள் வழியாகத்தான் போன ஐப்பசியில் பழைய பெட்டியின் ஒரு துளை கருகியது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இடியோடு உப்புக் காற்றும். கேபிள் முனைகளை அவ்வப்போது கழற்றிப் பாருங்கள்.

இன்னும் இரண்டு தடைகள். கேபிள்காரரின் பெட்டியே ஒரு ரூட்டர். அதன் பின்னால் நம் ரூட்டரை மாட்டினால் முகவரி இரண்டு முறை மாறும். அவரிடம் சொல்லி அவர் பெட்டியை 'பிரிட்ஜ்' நிலைக்கு (வெறும் பாலமாக நிற்கும் நிலை) மாற்றி, இணைப்புக்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கி நம் ரூட்டரில் போடுங்கள். நம் ரூட்டரை வைஃபை மட்டும் பரப்பும் வெறும் 'ஆக்சஸ் பாயின்ட்' ஆக்கிவிட்டால் வரிசை ஒழுங்கு பெரும்பாலும் வேலை செய்யாது. அடுத்தது: விளையாட்டு 'நாட் டைப் ஸ்ட்ரிக்ட்' (வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்குத் தடை) என்று முறைத்தால், ரூட்டரின் 'வான்' (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டிருக்கிறார்கள். அதை எந்த ரூட்டராலும் சரிசெய்ய முடியாது. ஐ.பி.வி.6 (புதிய வகை இணைய முகவரி) அல்லது தனிப் பொது முகவரி கேளுங்கள்.

கடைசியாக மின்சாரம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது நாள் கணக்கில் இருட்டில் இருந்த மாவட்டம் இது. அதற்கெல்லாம் தயாராக முடியாது. அன்றாடம் வந்துபோகும் பத்து நிமிட வெட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் அந்த நொடியில் சில ரூட்டர்கள் அணைந்து எழும். எழுந்திருக்க இரண்டு நிமிடம். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் குட்டி யூ.பி.எஸ். வாங்கினேன். அடாப்டர்களின் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். என் சின்ன ரூட்டருக்கு 1 ஆம்பியர் போதும், பெரியதற்கு 2 வேண்டியிருந்தது.

போன வாரம் ஏழேகாலுக்குக் கரண்ட் போனது. முன்னறையில் கணினி அணைந்து, தனக்கும் ஒரு யூ.பி.எஸ். வேண்டும் என்று மகன் இருட்டிலிருந்தே விண்ணப்பம் போட்டான். என் மடிக்கணினி ஓடிக்கொண்டிருந்தது. கதவு நிலைக்கு மேல் ரூட்டரின் பச்சை விளக்கும் எரிந்தது. தோஹாப் பிள்ளை, "மிஸ், உங்கள் முகம் தெரியவில்லையே" என்றாள். குரல் கேட்கிறதா என்றேன். கேட்கிறதாம். விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.